ஸ்டெப்னிச் சாவி

என் வீட்டுக்காரரை வண்டி ஸ்டாண்டில் எல்லாரும் ‘செக்கிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மரக்கடையிலிருந்து கதவும் ஜன்னலும் ஏற்றிப்போகும் பிக்கப் வண்டி அவருடையது. தன் வண்டியைப் பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை. அடுத்தவன் வண்டிக்கு அடியிலும் குனிந்து, “ஸ்டெப்னியில காத்து இருக்கா? கடைசியா எப்ப எறக்கிப் பார்த்தே?” என்று குடைவார். “தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிருக்கேன்ணே, எழுப்பாதீங்க” என்பார்கள். இவருக்கு உறைக்கவே உறைக்காது.

மாதம் பிறந்தால் முதல் தேதி எங்கள் வாசலில் ஸ்டெப்னி இறங்கும். பின்பக்க ஓட்டையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றுவார்; வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மாற்று டயர் சங்கிலியோடு மெல்லத் தரைக்கு வரும். சேறு கழுவி, காற்றுப் பார்த்து, சங்கிலிக்கு கிரீஸ் தடவி மறுபடி ஏற்றுவார். அதற்கு ஒரு மணி நேரம். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நான் ஒரு வருஷமாகக் கத்துகிறேன், அதற்கு நேரமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டெப்னியை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதிது வாங்கியதும் கட்டைவிரல் தடிமனில் ஒரு சங்கிலியை ரிம்மின் ஓட்டை வழியாக விட்டு, வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டார். சிவப்புக் கயிறு கட்டிய அந்தப் பூட்டுச் சாவி, வாசலுக்கு உள்பக்கம் வீட்டுச் சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கும். உள்ளூர் ஓட்டத்துக்கு எடுத்துப்போக மாட்டார். வெளியூர் என்றால் மறக்காமல் எடுப்பார்.

“வண்டிச் சாவியோடயே கோத்து வச்சா என்னங்க?” என்று ஒரு மாதம் ஒன்றாம் தேதி கேட்டேன்.

“சர்வீஸுக்கு விட்டா மெக்கானிக் கைக்குப் போகும். இந்தச் சாவிய யாரும் தொடக் கூடாது. நீயும்தான்” என்றார். ஏதோ நான் டயர் திருடுகிறவள் போல. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. “சித்தி, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. உன் பேரையே சொல்லிட்டிருக்காங்க. உடனே வா.”

அக்காதான் என்னை வளர்த்தவள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. நான் படிக்கவேண்டும் என்று அவள் படிப்பை நிறுத்திவிட்டு, தையல் மெஷினில் குனிந்தே முதுகைத் தேய்த்தவள். அவள் கண் மூடுவதற்குள் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆஸ்பத்திரி ஐந்து மணி நேரத் தூரம். ஆறு மணிக்கு அவர் வண்டியைக் கிளப்பி வாசலில் நின்று ஹாரன் அடித்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

எட்டரைக்குப் பின்பக்க டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் பொட்டல்வெளி. ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது.

“பயப்படாதே, பத்தே நிமிஷம். நேத்துதானே பார்த்தேன்” என்று இறங்கினார். அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சாவிய வீட்டுலயே விட்டுட்டேன்” என்றார்.

கல்லால் அடித்தார். ஜாக்கிக் கம்பியை விட்டு நெம்பினார். கை கிழிந்து ரத்தம் வந்தது. பூட்டு அசையவில்லை. ஒரு பால் வண்டி வந்தது. நான் கையை நீட்டினேன். “அஞ்சு நிமிஷம், இதோ விட்டுடும்” என்று அடியிலிருந்து குரல் வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். பால் வண்டி போய்விட்டது. அப்புறம் வெகுநேரம் எதுவும் வரவில்லை.

கடைசியில் ஒரு லாரிக்காரர் நின்று, இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். இருவரும் மாறி மாறி அறுத்தார்கள். “திருடன் தோத்தான் போங்கண்ணே” என்றார் லாரிக்காரர். என் முகத்தைப் பார்த்தவர் ரம்பத்தை வாங்கி இன்னும் வேகமாக அறுத்தார். பூட்டுச் சங்கிலி அறுந்தது, ஸ்டெப்னி இறங்கியது. அதில் காற்று துளிகூடக் குறையவில்லை. பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். இரண்டு மணி நேரம் போயிருந்தது.

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பன்னிரண்டு பத்துக்குப் போய்விட்டாள். “கதவையே பார்த்துட்டிருந்தாங்க சித்தி” என்று அக்கா மகள் என் தோளில் விழுந்து அழுதாள். இவர் கட்டுப்போட்ட கையோடு வராந்தாவிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு வைப்பேன், சாப்பிடுவார். ஸ்டாண்டில் அடுத்தவன் வண்டிக்கு அடியில் குனிவதை விட்டுவிட்டார். தன் ஸ்டெப்னியை மட்டும் மாதாமாதம் இறக்கிப் பார்த்தார். பூட்டுப் போடவில்லை. நாலாம் மாதம் அது திருட்டுப் போனது. மறுநாளே இன்னொன்று வாங்கிவந்தார். அதற்கும் பூட்டுப் போடவில்லை.

ஊரெல்லாம் அவரைத்தான் சொன்னது. சொந்தக்காரர்கள் காதுபடவே, “பெரிய செக்கிங்!” என்றார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இருக்க இருக்க என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றாம் தேதி அவர் வாசலில் டயரை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னங்க, அன்னிக்குக் கெளம்பும்போது அந்த ஸ்டெப்னிச் சாவிய நான் பார்த்தேன். கையிலயே எடுத்தேன். ‘தொடாதேன்னாருல்ல, அவர் சாவி அவர் பாடு’ன்னு திருப்பி மாட்டிட்டு வந்துட்டேன்.”

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“முந்தின நாள் சாயங்காலம் நான்தானே மாட்டினேன். வீட்டுச் சாவி உள்ளே, அதுக்கு மேல இது. இதைக் கழட்டாம வீட்டுச் சாவிய எடுக்க முடியாது. நாலு நாள் கழிச்சு வந்து பார்த்தா, இது மட்டும் ஆணியில தொங்குது.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“அக்காவைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவகிட்ட அதையும் கேக்கச் சொல்றியா?” என்றார். “மறந்தவன் நான்தானே. பழி என்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

டயரைத் துணியால் துடைத்துக் காற்றுப் பார்த்தார். சரியாக இருந்தது. நான் அவர் பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டேன். எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று கேட்டேன். சொன்னார். சுற்றினேன்.