முகர்ந்து பார்த்தவர்

கிளியனூர் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது அறிவுச்செல்வன் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே மூன்று இருமல் மருந்து பாட்டில்கள். மூன்றிலும் இருந்தது ஒயின். ஏறிய போலீஸ்காரர் பின்சீட்டுக்காரரின் மூட்டையை மட்டும் கிளறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். திண்டிவனத்தில் பஸ் மாறி ஒலக்கூர் காலனி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்றாகிவிட்டது.

பாண்டிச்சேரியில் அவன் பரிமாறுகிற ஓட்டலில் வருகிற சனிக்கிழமை போர்ச்சுகல் நாட்டு ஒயின்களுக்கென்று ஒரு விருந்து. வெள்ளை, சிவப்பு, கடைசியாக இனிப்பு ஒயின் என்று வரிசையாக ஊற்றி, எதில் என்ன வாசனை வருகிறது, என்ன ருசி நிற்கிறது என்று விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் ஒயின் பிரிவுக்கே மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் கொடுத்த தாளில் ப்ளாக்பெர்ரி, தேவதாரு, ஈரக்கல் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. ப்ளாக்பெர்ரியை அவன் கண்ணால் பார்த்ததில்லை. பயிற்சியில் மீந்ததை, வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாமென்று கேட்டு வாங்கி வந்திருந்தான்.

அப்பா சவுரிராயன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பெயின்ட் அடித்தவர். பார்வை போய் எட்டு மாதமாகிறது. ஏரிக்கரையில் விற்ற பாக்கெட் சாராயம். அந்த வாரம் ஊரில் நான்கு பேர் செத்தார்கள். அவரோடு உட்கார்ந்து குடித்த பக்கத்து வீட்டு வெங்கடாசலமும் அதில் ஒருவர். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து இவர் மட்டும் திரும்பி வந்தார். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அறிவுச்செல்வனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. மீதி ஆறு நாளும் அப்பாவுக்குச் சோறு போட்டு, துணி அலசி, கொல்லைப்பக்கம் கைபிடித்து அழைத்துப்போவது வெங்கடாசலத்தின் மனைவி பாஞ்சாலிதான். யாரும் அவளைக் கேட்கவில்லை. புருஷன் இருந்த நாளிலிருந்தே அவரை அண்ணே என்று கூப்பிட்டவள், அவளாகவே செய்ய ஆரம்பித்தாள்.

முதல் மூடியைத் திறந்ததுமே அப்பாவின் முகம் திரும்பியது.

"இன்னாடா அது?"

"ஒயினுப்பா. ஓட்டல் வேலைக்குப் படிச்சிக்கினு இருக்கேன்."

"எனக்கும் கொஞ்சம் குடு."

"டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"நீ மட்டும் இன்னா, குடிச்சிக்கினே படிப்பியா?"

முதலில் முகர வேண்டும், பிறகு ஒரு வாய் வைத்து நாக்கில் புரட்ட வேண்டும், கடைசியில் துப்பிவிட வேண்டும் என்று விளக்கினான்.

"அப்ப நானும் துப்பறேன்" என்று கையை நீட்டினார்.

மறுக்க முடியவில்லை. டம்ளரில் வெள்ளை ஒயினை அடி நனைகிற அளவுக்கு ஊற்றிக் கையில் வைத்தான். பிளாஸ்டிக் பக்கெட்டைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். சவுரிராயன் டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

"சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல மொத தூறல் பட்டா ஒரு வாசன வரும்ல, அது." ஒரு வாய் வைத்துத் துப்பினார். "பச்ச மாங்கா. பிஞ்சு இல்ல, கொட்ட புடிச்ச காயி."

அறிவுச்செல்வன் தாளைத் திருப்பிப் பார்த்தான். ஈரக்கல் என்று எழுதியிருந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அவசரமாகப் பேனாவைத் தேடினான். சிவப்புக்கு அவர், "நாவப்பழம். நாக்கு தடிச்சிப்போவுது பாரு. பின்னாடி ரம்பத்தூள் வாடகூட வருது" என்றார். எட்டு மாதத்தில் முதல்தடவையாக அவர் முதுகு சுவரை விட்டு நிமிர்ந்திருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தே எத்தனை கோட்டிங் வேண்டுமென்று சொல்கிற பழைய ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது மகனுக்கு. சிரிப்பும் வந்தது.

மூன்றாவது, இனிப்பு ஒயின். தேன் நிறத்தில் இருந்தது. "வெல்லப் பாகு" என்றார் சவுரிராயன். "இறக்கறதுக்கு முன்னாடி, லேசா அடி புடிக்கும் பாரு, அந்த நேரத்து வாசன." ஒரு வாய் வைத்தவர் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது.

"ப்பா."

"நல்லாக்கீதுடா." காலி டம்ளரை மறுபடி முகர்ந்தார். "மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கணும், இல்ல?"

"ஆமா."

"அன்னிக்கும் மோந்து பாத்தேன்."

அறிவுச்செல்வன் எழுதுவதை நிறுத்தினான்.

"பெயின்ட்ல கலக்கற தின்னர் வாட அடிச்சிது. முப்பது வருசம் தின்னர்ல கை கழுவுனவன், எனக்குத் தெரியாதா? ஆனா கீழ ஊத்த மனசு வர்ல. நீ மொதல்ல குடிடான்னு வெங்கடாசலத்துகிட்ட குடுத்தேன். அவன் இன்னாத்தக் கண்டான், வாங்கிக் குடிச்சான். அர மணி நேரம் அவன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். நல்லாத்தான் பேசிக்கினு இருந்தான். அப்பறந்தான் நான் குடிச்சேன்."

வெளியே யாரோ குடம் வைக்கிற சத்தம் கேட்டது. அறிவுச்செல்வனுக்கு வெங்கடாசலத்தின் முகம் நினைவுக்கு வரவில்லை. பாஞ்சாலி அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மீதி ஆறு நாள்தான் நினைவுக்கு வந்தது. அதை நினைத்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் வாய் அதைத்தான் பேசியது.

"அத்தகிட்ட இத சொல்லிடாதப்பா."

சவுரிராயன் காலி டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள். பாட்டில்களைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாடா இது வாட? அந்த எழவையா ஊட்டுக்குள்ள எடுத்தாந்துக்கீற?"

"வேலைக்கு அத்த. துப்பறதுதான்."

"ஒங்கப்பனுக்குக் கண்ணு போனது பத்தலியா? எங்கூட்டு ஆளு போனது பத்தலியா?" என்றாள். குரல் உயரவில்லை. பக்கெட்டைக் காலால் வாசல்பக்கம் தள்ளிவிட்டு, தட்டை எடுத்துவைத்துச் சோற்றைப் போட்டாள். கெண்டைமீன் குழம்பு. தட்டுக்கு முன்னால் குந்தி, மீனை விண்டு முள் எடுக்க ஆரம்பித்தாள். பார்வையில்லாத மனிதருக்குத் தொண்டையில் சிக்கிவிடுமென்று வாரம் தவறாமல் செய்வதுதான்.

"பாஞ்சாலி" என்றார் சவுரிராயன்.

"இரு அண்ணே."

"ஒனக்கு ஒண்ணு சொல்லணும்."

அறிவுச்செல்வன் அப்பாவின் முழங்காலை அழுத்தினான். அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தார். அவர் முகம் அவள் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளி, வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுவ, இரு. முள்ளு இன்னும் கீது" என்றாள் பாஞ்சாலி. சன்ன முள் ஒன்றைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் மற்ற முட்களோடு வைத்தாள்.