பார்த்தவர் சொல்வதே முடிவு

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் ஊரில், தட்டு எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பீ லீக்கை ஆரம்பித்த மகானுபாவன் என் புருஷன் ஆர்லன். எண்பத்தேழில் எட்டுப் பேர், ஒரே ஒரு தட்டு. ஏரிக்காற்று அதை வாங்கித் தண்ணீரில் போட்டுவிடும். முதல் வருஷம் நாங்கள் விளையாடியதைவிட நீந்தியதுதான் அதிகம்.

ஆட்டம் லேசானது. எறிந்த தட்டை எதிர்முனைக் கட்டத்துக்குள் பிடித்தால் ஒரு புள்ளி. விதிகளை ஆர்லன் ஒரே தாளில் எழுதினான். நடுவர் கிடையாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வதே முடிவு. வேறு ஊராக இருந்தால் முதல் வாரமே மண்டை உடைந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களோ மரியாதையால் கெட்டவர்கள். "நான்தான் உங்களை இடிச்சேன்", "சேச்சே, நான்தான் குறுக்க வந்தேன்" என்று ஒரு புள்ளிக்குப் பதினோரு நிமிஷம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதுவே ஊருக்குப் பிடித்துப்போயிற்று. எட்டுப் பேர் நாற்பத்துநாலு அணியாகப் பெருகினார்கள். பல் டாக்டர், பாஸ்டர் எல்லோரும் செவ்வாய்க்கிழமை மாலை அரைக்கால் சட்டையில் வந்து நிற்பார்கள்.

வருஷா வருஷம் பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி அணி பிரிப்போம். தேவாலயச் சமையலறையில் கழித்துப்போட்ட காபிப் பானைதான் கோப்பை. ஜெயித்தவர்கள் பெயரை அதில் பொறிப்போம். முப்பத்தோரு வருஷமாகியும் ஆர்லன் பெயர் அதில் ஏறவில்லை. அந்தக் கோடையில் அவன் முழங்காலும் போயிற்று. செப்டம்பரில் ஆபரேஷன், அதோடு ஆட்டத்துக்கு முழுக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவன் அணி எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணியில் நான். தொப்பிக்குக் கண்ணா இருக்கிறது?

பதினாலுக்குப் பதினாலு. அடுத்த புள்ளி எடுப்பவருக்குப் பானை. ஆர்லனைத் தடுக்கும் வேலை எனக்கு. நொண்டிக்கொண்டே மூலைக்கு ஓடினான். தட்டு வந்தது. பாய்ந்து பிடித்தான், விழுந்தான். அவன் அணி துள்ளிக் குதித்தது. நான் மட்டும் பார்த்தேன். அவன் கால் முதலில் பட்டது கட்டத்தின் சுண்ணாம்புக் கோட்டின் மேல். கோட்டில் பட்டால் வெளியே.

ஆர்லன் எழுந்து வந்தான். "சொல்லு மார்லிஸ். உள்ளயா, வெளியயா?"

ஒரே ஒரு பொய் போதும், மனுஷன் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போவான்.

"வெளிய," என்றேன்.

எங்கள் அணித்தலைவரான பாஸ்டரே நெளிந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"வெளியதான் பாஸ்டர்."

ஆர்லன் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். நாலே எறிதலில் நாங்கள் புள்ளி எடுத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வட்டமாக நின்று எதிரணியை ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். அதுவும் அவன் எழுதிய விதிதான். ஆர்லன் என்னைக் காட்டி, "அந்தத் தாள்ல நான் எழுதினதுக்கு அர்த்தம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றான். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஏரியில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன்.

வீட்டுக்குப் போகக் காரில் பாலம் தாண்டினோம். பிறகு ஆர்லன் சொன்னான்: "ஷூவுல சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. உன்னைக் கேக்குறதுக்கு முன்னாடியே புல்லுல தேச்சுட்டேன்."

"அடப்பாவி."

"கேவலம்தான். விதி எழுதினவனே திருடப் பாத்தேன். ஆனா நீ, புருஷன்னுகூட பாக்காம உள்ளதைச் சொல்லிட்ட. பெருமையா இருக்குடி."

அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆர்லன், நான் உள்ளன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்."

"அப்புறம்?"

"என் பேரும் அந்தப் பானையில இல்லன்னு ஞாபகம் வந்துடுச்சு."