நீல நாற்காலி அகற்றப்பட்ட நாள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. கச்சிராயபாளையம் சாலையிலுள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில், பெண்கள் அமர்வதற்கென்று இருந்த ஒரே நாற்காலியை அகற்றிவிட்டார்கள். இது அநீதி. இந்த அநீதிக்கு நானும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னை, அங்கே பணியாளர் நலத் திட்டத்தின் அறிவிப்புகளைப் பிழையின்றி எழுதவும், மனநல அறையின் வாயிலில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளவும் அமர்த்தியிருந்தார்கள். சோதனைப் பிரிவுப் பெண்கள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவர்கள். ரப்பர்க் கையுறையைக் காற்றுக்குழாயில் மாட்டுவார்கள். ஐந்து விரல்களும் விறைத்து எழும். ஓட்டை இருந்தால் துவண்டு விழும். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும் என்பது மேலாளர் தனசேகரனின் கொள்கை. ஆகையால் அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. ஆலோசகர் தேவதர்ஷினி இருந்த அந்த மனநல அறையில் மட்டும் சாய்மானமுள்ள நீல நாற்காலி ஒன்று இருந்தது. மனத்தில் துயரம் உடையவர்கள் வாரம் ஒருமுறை அதில் கால்மணி நேரம் அமரலாம்.

பெண்கள் துயரங்களோடு வரத் தொடங்கினார்கள்.

"இன்னாக்கா, இன்னிக்கு யார சாவடிக்கப் போற?" என்று வரிசையில் நிற்கும் ராதிகா கேட்பாள்.

"எம் மாமியாவ ரெண்டு தபா சாவடிச்சிட்டேன்டி. அது வூட்ல குந்திகினு கறிக்கொழம்பு கேக்குது. இனிமே நாத்தனாதான்" என்பாள் கொளஞ்சியம்மாள்.

"எனக்கும் ஒரு ஆள மிச்சம் வையிக்கா!"

கொளஞ்சியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. கெண்டைக்கால்களில் நரம்புகள் முறுக்கிய கயிறுபோல் புடைத்திருக்கும். முதல் வாரம் அவள் உண்மையைத்தான் சொன்னாள்: கால் வலிக்கிறது என்று. அது உடலின் நோய், இந்த அறை மனத்துக்கு மட்டும் என்று விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகே பொய் சொல்லக் கற்றாள்.

ஒரு புதன்கிழமை கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் இரு பாதங்களையும் பதித்து, தலையைச் சாய்த்திருந்தாள் கொளஞ்சியம்மாள்.

"இன்னிக்குப் பொய்யி ஒண்ணும் வரல மேடம். சும்மா குந்திகினு இருக்கட்டுங்களா?"

தேவதர்ஷினி பேனாவை மூடிவைத்தாள்.

"நேத்து ஒரு கனா மேடம். இந்த நாற்காலி எங்க டேபிளாண்ட இருக்குது. நான் குந்திகினே கையொற மாட்டறேன். அவ்ளோதான் கனா. முழிச்சிக்கினு அழுதேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பேருக்கு என்ன துயரம் என்று தனசேகரன் அதற்கு முன்பே என்னிடம் கேட்டிருந்தார். அன்று, வாயிலில் என் நாற்காலியில் அமர்ந்தபடியே, அவருக்கு விடை எழுதினேன்: 'இவர்கள் ஆறுதல் தேடி வரவில்லை, நாற்காலி தேடியே வருகிறார்கள். எனவே, பணியிடத்தில் இவர்களுக்கு நாற்காலி வழங்க வேண்டுகிறேன்.'

"குடுக்காதீங்க சார். அவரு பாதியத்தான் படிப்பாரு" என்றாள் தேவதர்ஷினி. நான் கேட்கவில்லை. ஒற்றுப்பிழைகூட இல்லாத கடிதம் என்ற செருக்கு எனக்கு.

அவர் பாதியைத்தான் படித்தார். ஆறுதல் தேவைப்படாதவர்களுக்கு அறை எதற்கென்று அதை மூடினார், அட்டைப்பெட்டிகளை அடுக்கினார். அதற்கு ஈடாக, நாள்தோறும் வேலைக்கு முன் பத்து நிமிடம் ஒற்றைக்காலில் நிற்கும் யோகாசனம். அதற்கான அறிவிப்பையும் நானே எழுதினேன்.

கொளஞ்சியம்மாளிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவள் கையுறையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"நல்லதுக்குத்தான எழுதனீங்க, வாத்தியாரய்யா. அந்த நாற்காலி இப்ப எங்க இருக்குதுங்க?"

"மேலாளர் அறையில், அம்மா."

"யாருனா குந்தறாங்களா?"

"இல்லை. அதன்மேல் அவருடைய பை இருக்கிறது."

அவள் அடுத்த கையுறையை மாட்டினாள். ஐந்து விரல்களும் மெல்ல நிமிர்ந்து எழுந்தன. வலக்காலைத் தூக்கி இடக்காலின்மேல் சற்றே சாய்த்துக்கொண்டாள். பிறகு கால் மாற்றினாள்.

வாசகரே, நீங்கள் இதை அமர்ந்தபடிதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள். அவள் அமரும்வரை நில்லுங்கள்.