ஜொனத்தன் அழுத்திய பொத்தான்

என் தம்பி கோணேஸ்வரனை டென்மார்க்கில் இருக்க வைத்தவர் வக்கீல் ஜொனத்தன்தான். விபோர்க்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட அகதி வழக்கை எடுத்து வென்று கொடுத்தார். அதனால் அவர் பாராளுமன்றத் தேர்தலில் நின்றபோது, முழங்கால் வலியோடு ஏணி வைத்து ஏறி, நாங்கள் இருக்கிற பிராண்டேயில் ஒரு விளக்குக் கம்பம் விடாமல் அவர் படத்தைக் கட்டினேன்.

வென்றார். அடுத்த வருடம் அவருடைய கட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. அகதியாக வந்தவர் சொந்த நாட்டுக்கு ஒரு தடவை போய் வந்தாலும் வதிவிட அனுமதி பறிபோகும். வாக்கெடுப்பில் ஜொனத்தன் ஆதரவுக்கான பச்சைப் பொத்தானை அழுத்தினார். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் நம் ஆட்கள் அவரைக் கிழித்தார்கள். கட்சிக்குள் இருந்தால்தானே நமக்கு நல்லது செய்யலாம் என்று நான் ஒருவன்தான் அவருக்கு வக்காலத்து வாங்கினேன்.

மாசியில் மட்டக்களப்பில் அம்மா கண்ணை மூடினார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எனக்கு டெனிஷ் குடியுரிமை இருக்கிறது, நான் போய் வந்திருக்கலாம். முறை தவறக்கூடாது என்று நின்றேன். தம்பி பயந்தான்.

"எங்கட ஜொனத்தன் பார்லிமெண்டில இருக்கிறார். நீ போ."

டிக்கெட்டும் நானே எடுத்தேன். ஜொனத்தனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு மடத்தனம்.

கொள்ளி வைத்த அன்று மாலையே அவனை விசாரித்து அங்கே புலனாய்வு ஆட்கள் வந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் நிற்காமல் ஓடி வந்தான். இங்கே அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. போய் வந்திருக்கிறாய், ஆகவே அங்கே உனக்கு ஆபத்தில்லை, அனுமதி ரத்து.

ஜொனத்தனைப் பார்க்கப் போனேன். கோப்பி தந்தார், கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். வழக்கை நீங்களே எடுங்கள் என்று கெஞ்சினேன். தான் வாக்களித்த சட்டத்துக்கு எதிராகத் தானே வாதாட முடியாது என்பதை டெனிஷில் நீட்டி முழக்கிச் சொன்னார். பிறகுதான் தமிழுக்கு வந்தார்.

"ஏன் அண்ணை, நீங்கள் போயிருக்கலாமே?"

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட என்னை.

வேறொரு வக்கீல் வாதாடித் தோற்றார். விமான நிலையத்தில் இரண்டு பொலிஸாருக்கு நடுவில் நின்ற தம்பியைக் கட்டிப்பிடித்து, ஜொனத்தனோடு இன்னொருக்கால் கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"விடுங்கோ அண்ணை. என்ர செத்தவீட்டுக்கெண்டாலும் நீங்களே வாங்கோ."