அடுத்த சாரலுக்கு ஒரு டென்ட்

குற்றாலத்தில் டென்ட் போட இடம் பார்க்க, தோஹாவில் வேலை பார்க்கிற ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். என் புருஷன் அஃப்சல் முதலில் தேடியது நிழல். சாரல் காலத்தில் நிழல்! தோஹா வெயிலில் வெந்த மனுஷன், பெரிய மாமரம் ஒன்றைப் பார்த்ததும், "இங்கனதான், சனோபர்" என்று அதற்கு நேர் கீழே டென்டை அடிக்கச் சொல்லிவிட்டார்.

"மச்சான், சாரல் நின்னாலும் மரம் நிக்காது. சொட்டிக்கிட்டேதான் கெடக்கும்," என்றேன்.

கேட்டால்தானே? காலையில் பாய், தலையணை, போர்வை எல்லாம் ஊறிக் கிடந்தன. என் துப்பட்டாவை அவர் முன்னாலேயே பிழிந்து காட்டினேன். சிரிக்கிறார்!

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். வருடத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. அதையும் ஆனி, ஆடிச் சாரல் பார்த்து எடுத்துக்கொண்டு வருவார். வீட்டில் எங்கே தனியாகப் பேச முடிகிறது? விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள், அத்தர் கேட்டு வருகிறவர்கள், சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்து விசா விசாரிக்கிறவர்கள். போன வருடம் நாங்கள் குற்றாலத்துக்குக் கிளம்பினால், பிரியாணிச் சட்டியோடு சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய ஏறிவிட்டார்கள். அதனால்தான் இந்த வருடம் பிடிவாதமாக நின்றேன். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் வருடாவருடம் வந்து தங்க ஒரு நல்ல இடத்தைப் பிடித்தே ஆக வேண்டும்.

மாமரத்தடியை விட்டு மேலகரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அது நான் சொன்ன குறை. அவர் சொன்ன குறை, ரோட்டுப் பக்கமாம், தவளை வேறு கத்துகிறதாம்.

அடுத்தது பழைய குற்றாலம் போகிற வழியில், டென்ட் போட வாடகைக்கு விடுகிற ஆனந்தவள்ளி அக்காவின் இடம். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மேட்டு நிலம், தண்ணீர் தேங்காது. மரங்கள் தள்ளி நின்றன. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அருவிச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

"ரோட்டுக்கு ரொம்பத் தூரம்ட்டி," என்றார்.

"மேலகரத்துல ரோட்டுப் பக்கம்னு மூஞ்சத் தூக்குனிய."

"மண்ணு வேற செவப்பா இருக்கு."

"பின்ன பச்சையாவா இருக்கும்?" எனக்கு வந்ததே கோபம்! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒங்களுக்கு என்ன கோணல், அதச் சொல்லுங்க மச்சான்."

அவர் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எந்த எடமும் வேண்டாம்ட்டி. புதுக் கம்பெனியில கூப்பிடுதாங்க. சம்பளம் கூட. ஆனா ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் லீவு. நம்ம குத்துக்கல்வலசை வீட்டுக்கு மாடி எடுத்துரலாம்னு பாத்தேன்."

"கையெழுத்துப் போட்டுட்டியளா?"

"இல்ல. ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போடலாம்னு..."

"ஊர் ஊரா குறை சொல்லிக்கிட்டு அலைஞ்சியளே, இதுக்குத்தானா? மாடி கட்டி அதுல நான் ஒத்தையிலயா ஒக்காந்து கெடக்க? எனக்கு நீங்க வேணும் மச்சான்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆனந்தவள்ளி அக்கா டீ கொண்டுவந்தார். "அடுத்த சாரலுக்கும் வருவியன்னா இப்பவே சொல்லிருங்க. பெறவு எடம் கெடைக்காது. எத்தன பேரு?"

மச்சான் மறுபடியும் செருப்பால் மண்ணைக் கிளறினார். எனக்கு ரோஷம்.

"ஒரு ஆளு, அக்கா. நான் மட்டும் வருதேன்."

"வீட்டுக்காரரு?"

"அவருக்கு மண்ணு செவப்பா இருக்காம்."

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சான் டீயை வாங்கிப் பக்கத்துக் கல்லில் வைத்தார்.

"ரெண்டு பேரு, அக்கா. வருசா வருசம் ரெண்டு பேரு," என்றார்.

"அப்பம் மாடி?" என்றேன்.

"மாடி கெடக்கட்டும். அடுத்த சாரலுக்குள்ள ஒனக்கு ஒரு வயசு கூடிரும்லா. அத நான் பாக்காண்டாமா?"

என் வாயை அடைக்கிற ஆள் தென்காசியில் இன்னும் பிறக்கவில்லை என்று மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் பெற்ற பிள்ளையே அடைத்துவிட்டார்.