ஜன்னலில் ஒட்டிய வட்டங்கள்

சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், டிஷ் ஆன்டெனா வைத்திருந்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று உத்தரவு வந்தது. டிஷ் மாட்டியே வயிறு வளர்த்த என் பிழைப்பில் மண் விழுந்தது. அதைவிடப் பெரிய கவலை மச்சான், என் மனைவியின் தம்பி. அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. விடுதலையாகிறவர்களின் பெயர்களை வெளிநாட்டு வானொலி ஒன்று தினமும் மாலையில் சாட்டிலைட் வழியாக வாசித்தது. அதைக் கேட்காமல் என் மனைவியின் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

அதனால் ஜன்னல் கண்ணாடியிலேயே ஆன்டெனா செய்தேன். அலுமினியத் தாளை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்ட வேண்டும். வெளியே போகப் போக வளையத்தின் அகலம் குறைய வேண்டும். அறைக்குள் சரியான தூரத்தில் ரிசீவரை நிறுத்தினால், டிஷ் செய்கிற வேலையைத் தட்டைக் கண்ணாடியே செய்துவிடும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஜன்னலுக்கு நகை போடுறீங்களா?"

"குண்டு விழுந்தா கண்ணாடி சிதறாதுண்ணே." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மறுநாளே அவர் ஜன்னலிலும் வட்டங்கள். எல்லா வளையமும் ஒரே அகலம், பிசிறில்லாத வெட்டு. அதில் ஒரு முனகல்கூடக் கேட்காது. நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, அடுத்த தெருவில் வட்டம் ஒட்டிய வீட்டில், அது ஆன்டெனா என்று கண்டுபிடித்து ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓடிவந்து பிளேடால் சுரண்டினேன். முதலில் என் ஜன்னல், பிறகு தையல்காரரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்து வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரையும் தெருவுக்கு வரச் சொன்னார்கள்.

தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். முகத்தில் பதற்றமே இல்லை.

"கண்ணாடி சிதறாம இருக்கத்தான் ஐயா. தம்பிதான் சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீதானே டிஷ் மாட்டுறவன்? இது ஆன்டெனாவா?"

அந்த டேப்பை வாங்கி இரண்டு வளையத்தை அளந்து, ஒரே அகலம், இது ஆன்டெனா இல்லை என்று காட்டியிருந்தால் போதும். ஆனால் இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

"தெரியலைங்க. நான் எதுவும் சொல்லல."

தையல்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மறந்திருப்பாருங்க," என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார்.