நிரந்தரம் என்றொரு கட்டம்

"நிரந்தர முகவரின்னு கேக்குதும்மா. என்ன போடறது?"

அப்பா கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மருந்துக் கடைக்கான புது இணையதளத்தை அவள் அலுவலகம்தான் செய்துகொண்டிருந்தது. வெள்ளோட்டம் பார்க்க அப்பாவைவிடத் தோதான ஆள் ஏது? மனிதர் தினமும் இதய மாத்திரை விழுங்குகிறவர். "இந்த வீட்டையே போடுங்கப்பா" என்றாள் வாய் நுரையோடு. அவர் அந்தக் கட்டத்தைத் தொடாமலே விரலை எடுத்துவிட்டார். "அடுத்த மாசம் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அக்கா வீடு. பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்று சிரித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். சிரிப்பா அது!

அம்மாவின் வைத்தியத்துக்காகச் சொந்த வீட்டை விற்றதிலிருந்து அப்பா மூன்று பிள்ளைகள் வீட்டிலும் மாற்றி மாற்றி இருக்கிறார். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து அலமாரியில் வைக்க மாட்டார், அப்படியொரு பிடிவாதம். போன தடவை இங்கே வந்தபோது மாத்திரை பழைய முகவரிப்படி தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. 'எதுக்கு இவங்களுக்குத் தொந்தரவு' என்று வாயே திறக்காமல் இருந்து, குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை மாத்திரை விட்டுப்போனால் தாங்காது என்று டாக்டர் திட்டியது அவரை. உறைத்தது அவளுக்கு.

அலுவலகத்தில் குழுத் தலைவருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சையும் அவர்தான் முடித்துவைப்பார். அன்று கணினியில் முகவரிகளைச் சேமிக்கிற அட்டவணையை, அவர்கள் பாஷையில் டேபிளை, முடிவு செய்யும் நாள். அதில் ஆட்களின் விவரம் நிரம்பிவிட்டால், பிறகு மாற்றுவது ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை.

"முகவரிக்குத் தனி டேபிள் எதுக்குங்க? வாடிக்கையாளர் பேருக்குப் பக்கத்துலயே நாலு கட்டம். ஒரு ஆளு, ஒரு வீடு. முடிஞ்சது."

"முடியல சார்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பெரிய திரையில் அவருடைய சோதனைக் கணக்கையே திறந்தாள். போன வாரம்தான் அவர் வீடு மாறி, அதில் முகவரியையும் மாற்றியிருந்தார். பழைய ஆர்டர் ஒன்றைத் தட்டினாள். அதிலும் புது முகவரியே வந்து நின்றது. "பாருங்க சார். நீங்க குடி போறதுக்கு ரொம்ப முன்னாடியே புது வீட்டுல இருமல் மருந்து வாங்கியிருக்கீங்க."

அறையே கொல்லென்று சிரித்தது. முற்றுப்புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட ஆமா! சரி, தனியாவே போடுங்க. ஆர்டர் போட்ட அன்னிக்கு இருந்த முகவரி அந்த ஆர்டரோடயே இருக்கட்டும். ஆனா நிரந்தர முகவரி மட்டும் கட்டாயம் வேணும்."

"யாருக்கு சார் நிரந்தரம்? நீங்களே வாடகை வீடு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "எங்கப்பாவால அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியல சார். இன்னிக்கு அவர் எங்க இருக்காரோ அங்க மாத்திரை போய்ச் சேரணும். நமக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்."

"எடுத்துடுங்க" என்றார். அன்றைக்குப் பேச்சை முடித்துவைத்தது அவள்தான்.

மதியத்துக்குள் டேபிளை எழுதிவிட்டாள். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண், யாருடையது என்று கட்டங்கள். கதவு எண்ணைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. எண் இல்லாத வீட்டுக்காரருக்கும் காய்ச்சல் வரும்தானே! ஓர் ஆள் எத்தனை முகவரி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செல்லப்பெயர் போட ஒரு கட்டம். குழப்பம் வராமலிருக்க, ஒரே ஆள் ஒரே பெயரை இரண்டு தடவை போடக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியில் அவளுக்கு ஏகப் பெருமை.

தளம் திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை மறுபடி உட்கார வைத்தாள்.

"எத்தனை வீடு வேணா போடலாமா? நிஜமாவா?"

ஒற்றை விரலால் தட்டித் தட்டி முதலில் இந்த வீட்டைப் போட்டார். பிறகு தம்பி வீடு. எல்லாம் மனப்பாடம், அஞ்சல் எண் உட்பட. இரண்டாவது வீட்டுக்குப் பெயர் வைத்ததும் திரை சிவந்தது.

"இந்தப் பேரு ஏற்கெனவே இருக்காம். ஒத்துக்க மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தாள். 'நம்ம வீடு' என்று போட்டிருந்தார். இரண்டுக்கும் அதேதான்.

"இதுக்குத் தம்பி வீடுன்னு போடுங்களேன்பா. இல்லாட்டி குழம்பிடும்."

"எனக்கென்ன குழப்பம்? தெருப் பேருதான் கீழயே இருக்கே."

அவள் மடிக்கணினியை இழுத்துத் திறந்து, தான் எழுதிய அந்த அருமையான விதியைத் தேடிப்பிடித்து அழித்தாள். "இப்போ போடுங்கப்பா. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

தம்பி வீட்டை முடித்துவிட்டு அக்கா வீட்டையும் போட்டார். ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நம்ம வீடு. நம்ம வீடு. நம்ம வீடு. நாளை மாத்திரை வரவேண்டிய வீடாக முதலாவதைத் தொட்டுவிட்டு, குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். இப்போதே கிளம்புகிறாரா என்ன?

மடித்த சட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா அலமாரி முன்னால் போய் நின்றார்.

"எந்தத் தட்டும்மா காலியா இருக்கு?"